எர்த் பின் இல்லாத பிளக்

ஜெர்மனிக்குப் போன ஐந்தாவது வாரம், சுரங்க ரயிலில் அறுபது யூரோ அபராதம் கட்டினேன். கையில் டிக்கெட் இருந்தது. காசு கொடுத்து வாங்கியதுதான். ஒரே நீளச் சீட்டில் பல கட்டங்கள் அச்சடித்து விற்பார்கள். போகிற தூரத்துக்கு ஏற்ப அதை மடித்து, நடைமேடைக்குப் போகும் வழியில் இருக்கும் சின்னப் பெட்டிக்குள் செருக வேண்டும். டக்கென்று தேதியும் நேரமும் விழும். விழுந்தால்தான் அது டிக்கெட். கண்டக்டர் கிழித்துக் கொடுத்தே பழகிய எனக்கு அது எப்படித் தெரியும்? பரிசோதகர் சத்தம் போடவில்லை. சீட்டைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை விரலால் தொட்டுக் காட்டி, "இங்கே எழுதியிருக்கிறதே" என்றார்.

அன்று ராத்திரி அறுபது யூரோவை ரூபாயாக்கி, ஐயாயிரத்துச் சொச்சம் என்று கணக்குப் போட்டு, வீட்டுக்குச் சொல்லாமல் படுத்தேன். தூக்கம் வராததற்குப் பணம் மட்டும் காரணமில்லை. அதே வாக்கியத்தை இரண்டு வருடங்களுக்கு முன்னால் நானே ஒருவரிடம் சொல்லியிருந்தேன்.

2019இல், கோவையில் பயோமெடிக்கல் மூன்றாம் ஆண்டு படித்தபோது, தென் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் ஒரு மாதப் பயிற்சி. ஒரு வார்டில், மருந்தை மெல்ல மெல்லச் செலுத்தும் சிரிஞ்ச் பம்பின் பிளக்கைப் பார்த்தேன். மூன்று பின் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது. மேலே இருக்கும் தடித்த எர்த் பின்னை யாரோ பிடுங்கியிருந்தார்கள். படித்த படிப்பு சும்மா இருக்குமா? பம்பின் முதுகில் ஒட்டியிருந்த ஆங்கில லேபிளைக் காட்டி, "அக்கா, எர்த் இல்லாம மாட்டக்கூடாதுன்னு இதுல எழுதியிருக்கே" என்றேன். அந்த சிஸ்டர் மருந்து ஏற்றிக்கொண்டே சொன்னார்: "பாப்பா, நீ எழுதினத வாசிச்சிட்டு நிக்க. எனக்கு முப்பத்தெட்டு பெட்டு கெடக்கு. அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸுல மூணாவது ஓட்டையே அடைஞ்சு போச்சு. சுவத்த மாத்திக் குடு, நான் ஒழுங்கா மாட்டுதேன்."

பயிற்சி அறிக்கையில் அந்த பிளக்கின் படத்தைப் போட்டு, கீழே 'காரணம்: பயனாளரின் கவனக்குறைவு' என்று எழுதினேன். நல்ல மார்க் கிடைத்தது.

மேல்படிப்புக்கு எர்லாங்கனைத் தேர்ந்தெடுத்ததற்கு நான் எல்லோரிடமும் சொன்ன காரணம் ஒன்று. அது மருத்துவக் கருவிகளின் ஊர். 1886இல் அங்கே தொடங்கிய ரைனிகர், கெபெர்ட் அண்ட் ஷால் என்ற பட்டறை, 1895இல் ரான்ட்கென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததும் அந்தக் குழாய்களைச் செய்ய இறங்கியது. இன்றைய சீமென்ஸ் ஹெல்த்தினியர்ஸின் வேர் அதில் இருக்கிறது. எம்ஆர்ஐ படங்களைச் செயற்கை நுண்ணறிவால் வேகமாகக் கட்டமைப்பது, பெரிய கம்பெனி, வெள்ளைக் கோட்டு, ஆய்வுக்கூடம் என்று என் கனவுக்கு ஒரு படம் இருந்தது. சேர்க்கைக்கு எழுதிய நோக்கக் கடிதத்தில் பாதி, சீனியர் அக்கா ஒருவரின் கடிதத்திலிருந்து வந்தது. நம் பிள்ளைகள் எழுதும் நோக்கக் கடிதங்களில் எம்ஆர்ஐ, கேன்சர், செயற்கை நுண்ணறிவு மூன்றும் இல்லாத ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. அதில் தப்பில்லை. இருபத்தொரு வயதில் லட்சியம் இரவலாகத்தான் கிடைக்கும். அதைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சொல்லாத காரணமும் உண்டு. மருத்துவ சீட் கிடைக்காமல் பயோமெடிக்கல் எடுத்தவள் நான். சாத்தூரில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் "டாக்டருக்கா, இன்ஜினியருக்கா படிக்க?" என்பார்கள். இரண்டும் என்றால் சிரிப்பார்கள். 'ஜெர்மனி' என்றால் கேள்வி அங்கேயே நின்றுவிடும்.

முதல் செமஸ்டரில் படச் செயலாக்கம், வடிவம் கண்டறிதல் என்று கனமான பாடங்களாகவே எடுத்தேன். கணக்கு என்னை அடித்துப் போட்டது. ஒரு தேர்வில் 5.0 வந்தது. அங்கே 1.0தான் உச்சம், 4.0 என்றால் கரை சேர்ந்தோம், 5.0 தோல்வி. போனில் அப்பாவிடம் "அஞ்சுப்பா" என்றேன். "அடேயப்பா, அஞ்சுக்கு அஞ்சா!" என்றார். இரண்டு நாள் நான் திருத்தவில்லை. ஓர் எண்ணை அதன் அளவுகோல் தெரியாமல் வாசித்தால் என்ன ஆகும் என்று அப்போது சிரித்துக்கொண்டேன். பிறகு அதுவே என் ஆராய்ச்சிக்குள் வந்து உட்கார்ந்தது.

தோற்றது நல்லதாகப் போயிற்று என்று இப்போது சொல்வது எளிது. அப்போது அழுதேன். எழுந்து உட்கார்ந்த பிறகு, இரண்டாம் செமஸ்டர் கால அட்டவணையில் ஓட்டை இருந்த இடத்தில் ஒரு சின்னப் பாடத்தைச் சொருகினேன்: மருத்துவக் கருவிகளின் அபாய மேலாண்மை. கிரெடிட் குறைவு, வகுப்பில் இருபது பேர்கூட இல்லை. ஐஎஸ்ஓ 14971 என்ற தரநிலையை வைத்துக்கொண்டு, ஒரு கருவி என்னென்ன விதத்தில் ஆளைக் காயப்படுத்தலாம் என்று கற்பனை செய்து அட்டவணை போட வேண்டும். என்ன நடக்கலாம், எவ்வளவு கடுமையாக இருக்கும், எவ்வளவு அடிக்கடி நடக்கும், அதற்கு என்ன செய்திருக்கிறோம்.

எங்கள் குழுவுக்குச் சிரிஞ்ச் பம்ப் வந்தது.

இங்கே கொஞ்சம் நுணுக்கம் சொல்ல வேண்டும். எந்த மின்கருவியிலிருந்தும் துளியளவு மின்சாரம் நழுவி நோயாளியின் உடம்பு வழியே போகலாம். கசிவு மின்னோட்டம் என்பார்கள். ஐஇசி 60601 என்ற தரநிலை அதற்கு வரம்பு வைத்திருக்கிறது. இதயத்தோடு நேரடித் தொடர்புள்ள வகைக் கருவி என்றால், எல்லாம் சரியாக இருக்கும்போது 10 மைக்ரோஆம்பியர்தான். ஏதாவது ஒரு பழுது ஏற்பட்ட நிலையில் 50 வரை விடலாம். எர்த் கம்பி அறுந்துபோவது அந்த 'ஒற்றைப் பழுது'களில் ஒன்று. எப்போதாவது நடப்பது, அதனால் கொஞ்சம் தளர்த்தலாம் என்பது அதன் நியாயம்.

என் குழுவில் இருந்த ஜெர்மன் பையன் 'எர்த் இணைப்பு துண்டிப்பு' என்ற வரிக்கு எதிரே நிகழ்வாய்ப்பு 1 என்று போட்டான். ஐந்தில் ஒன்று, அரிதிலும் அரிது. நான் "ஐந்து" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்போனில் அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்து, பாடம் எடுத்த அம்மாவிடம் நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை, 'ஐயோ இந்தியா' என்ற முகமும் காட்டவில்லை. விரலால் படத்தைப் பெரிதாக்கி, "இந்தப் பின்னை யார் எடுத்தது? ஏன்?" என்று கேட்டார். என் அறிக்கையில் எழுதியதையே சொன்னேன்: கவனக்குறைவு. "சரி, காரணம் என்ற கட்டத்தில் அதை எழுதுங்கள். எதிரே தீர்வு என்ற கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்?" என்றார்.

நான் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கவனமாக இருக்கவும் என்று எழுதலாம். லேபிளைச் சிவப்பாக்கலாம். ஆனால் அந்தத் தரநிலை தீர்வுகளுக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில், ஆபத்தே வராதபடி கருவியின் அமைப்பை மாற்று. முடியாவிட்டால் கருவிக்குள் ஒரு பாதுகாப்பை வை. அதுவும் போதாவிட்டால்தான் எச்சரிக்கை வாசகமும் பயிற்சியும். 'இங்கே எழுதியிருக்கிறதே' என்பது கடைசிப் படி. நான் அதைத்தான் முதலில் எடுத்திருந்தேன், சிஸ்டரிடமும் அறிக்கையிலும். அறுபது யூரோ வாங்கியவரும் அதைத்தான் என்னிடம் எடுத்தார்.

முப்பத்தெட்டு பெட்டுக்கு நடுவே அந்த சிஸ்டர் சொன்னதோ முதல் படி. சுவரை மாற்று. சுவர் எங்கள் கையில் இல்லையென்றால் பம்பை மாற்றலாம்: இரட்டைக் காப்பு வைத்த கருவிக்கு எர்த்தே வேண்டாம், இரண்டு பின் போதும். அன்று அந்த வரியில் அதைத்தான் எழுதினோம். வகுப்பு முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு போனபோது, எம்ஆர்ஐ கனவு எனக்கு உடைந்துவிடவில்லை. வேறு யாருடைய கனவையோ கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் அதே. தெராக்-25 என்ற கதிர்வீச்சுக் கருவியின் கதையைப் படித்தோம். 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேருக்கு அது அளவுக்கு மிஞ்சிக் கதிரைப் பாய்ச்சியது, உயிர்களும் போயின. மென்பொருள் பிழை என்பது எல்லோருக்கும் தெரிந்த பகுதி. எனக்குத் தைத்தது வேறு. திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று மட்டும் வரும். என்ன அர்த்தம் என்று கையேட்டில் விளக்கம் இல்லை. அந்த மாதிரிச் செய்திகள் சும்மாவே அடிக்கடி வந்ததால், இயக்குபவர்கள் 'பி' என்ற விசையை அழுத்தித் தொடரப் பழகியிருந்தார்கள். யார் தப்பு? வார்டில் அலாரம் அடித்ததும் முதலில் அதன் வாயை அடைத்துவிட்டுப் பிறகு என்னவென்று பார்க்கும் நர்ஸுகளை எனக்குத் தெரியும். நானும் காலையில் செல்போனை அப்படித்தான் செய்கிறேன்.

2022 கோடையில் ஜெர்மனி முழுக்க மாதத்துக்கு 9 யூரோவில் உள்ளூர் ரயிலெல்லாம் ஏறலாம் என்று மூன்று மாதம் ஒரு டிக்கெட் விட்டார்கள். எல்லோரும் ஆல்ப்ஸ் மலைக்குப் போனார்கள். நான் வூர்ட்ஸ்பர்க்கில் ரான்ட்கென் வேலை செய்த ஆய்வுக்கூடத்தைப் பார்க்கப் போனேன். மனைவியின் கையை அவர் எடுத்த படம் எல்லாப் பாடப்புத்தகத்திலும் உண்டு: எலும்பு, விரலில் மோதிரம். அந்தக் கதிர் சுடும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டேலி எக்ஸ்ரே குழாய்களைத் தன் கையை வைத்தே சோதித்தவர். கைகளை இழந்து 1904இல் இறந்தார். ஹாம்பர்க்கில் அப்படி இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி 1936இல் நிறுத்தியிருக்கிறார்கள். பேராசிரியர்கள் அந்தக் கல்லைப் பற்றியும் முதல் வாரத்திலேயே சொன்னால் நல்லது.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் விஷயத்தில் என் தோலே பாடமாக வந்தது. கொரோனாவில் நம் வீடுகளுக்கெல்லாம் வந்த அந்த விரல் கிளிப், ஒளி தோலைக் கடந்து போவதை வைத்துக் கணக்கிடுகிறது. ஆரோக்கியமான தன்னார்வலர்களைக் கூப்பிட்டு, அவர்கள் சுவாசிக்கும் ஆக்ஸிஜனைப் படிப்படியாகக் குறைத்து, ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டு அதைச் சரிசெய்கிறார்கள். அமெரிக்க எஃப்டிஏவின் 2013 வழிகாட்டி, சோதனையில் குறைந்தது பத்துப் பேர், அவர்களில் கருத்த தோலுடையவர் இரண்டு பேராவது, அல்லது மொத்தத்தில் 15 சதவீதம், எது அதிகமோ அது என்றது. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஓர் ஆய்வை வெளியிட்டது: கருவி 92 முதல் 96 சதவீதம் என்று நல்ல எண் காட்டியபோதே ரத்தத்தில் ஆக்ஸிஜன் 88க்குக் கீழே இறங்கியிருந்தது, வெள்ளையரிடம் எடுத்த அளவீடுகளில் 3.6 சதவீதம், கறுப்பரிடம் 11.7 சதவீதம். வகுப்பில் அதைக் காட்டியபோது நான் மேசைக்கடியில் என் விரலைப் பார்த்துக்கொண்டேன். பத்துப் பேரில் இரண்டு பேர் யார் என்று தீர்மானிக்கும் அறையில் உட்காருவதும் ஒரு வேலை, அதற்குச் சம்பளம் உண்டு என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளிநாட்டில் படிப்பதால் என்ன கிடைக்கும் என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். நீங்கள் அங்கே ஒரு முட்டாளாவீர்கள். அதைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். சலவை இயந்திரம், குப்பைத் தொட்டியின் நான்கு நிறம், டிக்கெட் பெட்டி, கதவில் தள்ளுவதா இழுப்பதா என்று எல்லாமே வேறு யாரையோ மனதில் வைத்துச் செய்த பொருள்கள். நம் ஊரில் இன்ஜினியராக இருந்தவள், அங்கே எதையும் முதல் முறை தப்பாகத்தான் அழுத்தினேன். ஒரு பின்னிரவில் புதுக் கருவியின் முன்னால் நிற்கும் நர்ஸின் நிலைமை அதுதான். அதை ஆய்வுக்கட்டுரை வாசித்து அறிவதைவிட, அபராதம் கட்டி அறிவது ஆழமாக இறங்குகிறது.

நான் குறித்து வைத்த தப்புகளில் பெரியது ஒரு புள்ளி. இரண்டாம் ஆண்டில் ஒரு சின்ன நிறுவனத்தில் பகுதிநேர வேலை. செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு இருபது மணி நேரம். பம்பின் ஓட்ட அளவுகளை எக்செல்லில் ஏற்ற வேண்டும். ஒன்றே கால் என்ற அளவை 1.250 என்று தட்டினேன். ஜெர்மனியில் தசமத்துக்குக் காற்புள்ளி. புள்ளி ஆயிரத்தைப் பிரிப்பதற்கு. அங்கத்து எக்செல் அதை ஆயிரத்து இருநூற்றைம்பது என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்தது. சரிபார்ப்பில் சகஊழியர் ஒருவர் பிடித்துவிட்டார்; அது வெறும் சோதனை அட்டவணை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் கை நடுங்கிற்று. மருந்தின் அளவில் 5.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 50 என்று வாசிக்கப்படும், ஆகவே பின்னால் பூஜ்யம் போடாதே என்பது பாதுகாப்பு வல்லுநர்களின் பழைய அறிவுரை. அதைப் படித்திருந்தேன். படித்ததற்கும் தட்டியதற்கும் நடுவில் ஒரு புள்ளி. என் ஆய்வேட்டுக்கு அதையே எடுத்தேன்: பம்பின் விசைப்பலகையில் எண் தட்டும்போது கை எங்கே தவறுகிறது, அதைத் திரை எப்படிக் காட்டிக்கொடுக்கலாம்.

ஆறு மாத ஆய்வேட்டுக்கு நர்ஸுகளோடு பேச வேண்டும். அங்கேதான் மொழி என்னை மடக்கியது. வகுப்புக்கு ஆங்கிலம் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். வார்டுக்குப் போதாது. கருவியைப் பற்றி அவர்கள் மனம்விட்டுத் திட்டுவது ஜெர்மனில்தான். திட்டில்தான் தகவல் இருக்கிறது. போவதற்கு முன்பே ஜெர்மன் மொழியில் பி1 நிலையை முடித்துவிடுங்கள் என்பேன். நான் அங்கே போய்ப் படித்து ஒரு வருடம் வீணாக்கினேன். ஒரே ஆறுதல், எர்லாங்கன் இருக்கும் ஃபிராங்கன் பகுதி மக்கள் 'ப'வில் வல்லோசை, மெல்லோசை பிரித்துச் சொல்ல மாட்டார்கள், 'ட'வுக்கும் அப்படியே. போனில் பெயர் எழுத்துக் கூட்டும்போது 'கடின ப'வா 'மென்மையான ப'வா என்று அவர்களே கேட்டுக்கொள்வார்கள். இரண்டுக்கும் ஒரே எழுத்து வைத்துப் பிழைக்கும் தமிழச்சிக்கு அங்கே என்ன சிரமம்?

அந்த வார்டில் நான் கண்டது என் மனதில் இருந்த இன்னொரு படத்தையும் அழித்தது. விலையுயர்ந்த மானிட்டரின் ஓரத்தில் வெள்ளை பிளாஸ்டரை ஒட்டி, பேனாவால் ஏதோ எழுதியிருந்தார்கள். கேட்டால், இந்தப் பொத்தானை இரண்டு முறை அழுத்தாதே என்று புதியவர்களுக்கு எச்சரிக்கை. நம் ஊர் வார்டிலும் அதே பிளாஸ்டர், அதே பேனா. ஆஸ்பத்திரிக்குள் போக வாய்ப்புக் கிடைக்கும் மாணவர்கள் முதலில் தேட வேண்டியது அந்த பிளாஸ்டர்களை. கருவியை வடிவமைத்தவர் எங்கே கோட்டை விட்டார் என்று அதைப் பயன்படுத்துபவர் எழுதி ஒட்டிய கடிதம் அது. எங்கெல்லாம் பிளாஸ்டர் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு வேலைவாய்ப்பு இருக்கிறது.

அந்த வேலைக்குப் பெயர்கள் உண்டு: பயன்பாட்டுப் பொறியாளர், அபாய மேலாண்மை, ரெகுலேட்டரி அஃபேர்ஸ். ஊரில் சொன்னபோது "பேப்பர் வேலையா?" என்றார் மாமா. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நான் போய் இறங்குவதற்குச் சில மாதம் முன்பு, 2021 மே 26 முதல், ஐரோப்பாவில் எம்டிஆர் என்ற புதிய மருத்துவக் கருவிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. பழைய கருவிகளுக்குக்கூட ஆதாரங்களைப் புதிதாகக் காட்ட வேண்டியிருந்ததால், இந்த ஆள்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இந்தியாவிலும் 2017 மருத்துவக் கருவி விதிகள் படிப்படியாக இறுகி, 2023 அக்டோபருக்குள் ஏ வகுப்பின் எளிய கருவிகள் சில நீங்கலாக, டி வரை எல்லா வகுப்புக் கருவிகளுக்கும் உரிமம் கட்டாயமாகிவிட்டது. எம்ஆர்ஐ ஆராய்ச்சிக்கு நூறு பேர் விண்ணப்பிக்கும் இடத்தில் இதற்குப் பத்துப் பேர்கூட வருவதில்லை என்பது என் அனுபவம். கணக்கில் 5.0 வாங்கியவள் சொல்கிறாள் என்று தள்ளிவிட வேண்டாம்.

பணம், தாள் விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாறிக்கொண்டே இருக்கும். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் முடக்கக் கணக்கில் நான் கட்டியது 10,332 யூரோ. 2024 செப்டம்பரிலிருந்து 11,904, மாதம் 992 வீதம் கைக்கு வரும். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு, படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். அதற்கே மாதங்கள் பிடிக்கும். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி உண்டு. பகுதிநேர வேலையை நம்பிக் கடன் கணக்குப் போடாதீர்கள். முதல் செமஸ்டரில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உணவகத்தில் தட்டுக் கழுவுவதா, துறை சார்ந்த வேலையா என்று வந்தால், சம்பளம் குறைந்தாலும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலையைப் பிடியுங்கள். தட்டுக் கழுவியது எனக்குக் கேவலமாக இல்லை. நேரம்தான் போயிற்று.

ஆய்வேட்டை வழிநடத்தியவர் ஒரு நாள் பேச்சுவாக்கில் மதுரை ஆரோலேப் பற்றிக் கேட்டார். அரவிந்த் கண் மருத்துவமனைக்காக 1992இல் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைச் சல்லிசாகச் செய்து, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்பும் இடம். "உங்கள் ஊருக்குப் பக்கமா?" என்றார். சாத்தூரிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ். நான் போனதே இல்லை. என் பாட்டியின் கண்ணில் இருந்த லென்ஸ் எங்கே செய்தது என்றுகூடக் கேட்டதில்லை. அன்று சும்மா தலையாட்டினேன்.

2024இல் திரும்பி வந்தேன். தேசப்பற்று, தியாகம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் நிறுத்திவிடுவேன். அங்கே வேலை கிடைத்தது. சம்பளம் இங்கே வாங்குவதைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் என்னிடம் இருந்த ஒரே அரிய சரக்கு, எந்தப் பின்னை எங்கே பிடுங்குவார்கள் என்ற ஞானம். அது செல்லுபடியாகும் சந்தை இங்கே இருக்கிறது. அங்கேயே தங்கிய நண்பர்களில் சிலர் நல்ல எம்ஆர்ஐ ஆராய்ச்சியாளர்கள் ஆகியிருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த லட்சியம் இரவல் இல்லை, சொந்தம்.

இப்போது சென்னையில் ஒரு கருவி நிறுவனத்தில் வேலை. எங்கள் பம்ப் இரட்டைக் காப்பு வைத்தது, இரண்டு பின், எர்த் தேவையில்லை. எண்ணைத் தட்டினால் திரை அதை எழுத்திலும் காட்டும். சென்ற வருடம் பயன்பாட்டுச் சோதனைக்காக அந்தப் பழைய மருத்துவமனைக்கே போனேன். அதே சிஸ்டர், இப்போது கண்ணாடி போட்டிருந்தார். என்னை ஞாபகம் இல்லை. எர்த் பின்னைச் சொன்னதும் சிரித்தார். "பரவாயில்லையே, ஓட்டைய பத்திக் கவலையில்ல இப்போ" என்று பம்பை வாங்கி, சுவரில் மாட்டினார். இரண்டு பின் பிளக் அந்தத் தேய்ந்த சாக்கெட்டில் நிற்கவில்லை. ஆடியது, விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. அவர் அசரவில்லை. மேசை டிராயரைத் திறந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். லேபிளைப் பார்த்தேன், எங்கள் ஊர்ப் பெட்டி. ஒரு குச்சியின் மருந்தை ஒடித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தைப் பின்னோடு சேர்த்து சாக்கெட்டுக்குள் சொருகினார். பிளக் கல் மாதிரி நின்றது.

நான் செல்போனை எடுத்தேன்.

"இதையும் படம் பிடிக்கியா பாப்பா?" என்றார்.